லேபிளில் இடம் உண்டு, இலாபத்தில் இல்லை!

ஒயின் பாட்டில்களின் லேபிளை வரைய கறுப்பின, பழங்குடிக் கலைஞர்களை அழைப்பது உலகச் சந்தையில் பெருகிவருகிறது. ஒதுக்கப்பட்டோருக்குப் பிரதிநிதித்துவம் என்று இது விளம்பரப்படுத்தப்படுகிறது. கலைஞருக்கு வேலை கிடைப்பதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் தோட்டம் யாருடையது, ஆலை யாருடையது, இலாபம் யாருக்கு என்ற கேள்விகளின் மீது அந்த வண்ணத்தாளை ஒட்டி மறைப்பதை ஏற்க முடியாது.

பிரான்சின் ஷாத்தோ மூட்டோன் ரோத்ஷில்ட் 1945 முதல் ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படைப்பை லேபிளில் அச்சிடுகிறது. சன்மானம் பணமல்ல, ஒயின் பெட்டிகள். பிக்காசோ போன்றோருக்கு அது கௌரவம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களிலோ, அடிமைமுறைக் காலம் தொட்டே கூலியின் ஒரு பகுதி மலிவு ஒயினாக அளக்கப்பட்டது. 'டாப்' எனப்பட்ட அம்முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகில் மிக அதிகமாகப் பிறக்கும் இடங்களில் ஒன்றாக அப்பகுதி நீடிக்கிறது. அந்தத் தொழிலாளியின் பேரன் வரைந்த படம் லேபிளில் வந்துவிட்டால் இந்தக் கணக்கு தீர்ந்துவிடுமா?

இந்திய அனுபவமும் வேறல்ல. வார்லிப் பெண்கள் திருமணத்தின்போது மண்சுவரில் அரிசி மாவால் வரைந்த ஓவியம் இன்று சேலை முதல் கோப்பை வரை விற்பனைச் சரக்கு. புவிசார் குறியீடு அதன் பெயரைக் காக்கிறது. இலாபத்தில் பங்கைத் தரவில்லை. அதே வார்லி மக்கள் 1945இல் கோதாவரி பாருலேகர் தலைமையில், கிசான் சபைக் கொடியின்கீழ், கொத்தடிமைத்தனத்தை எதிர்த்து எழுந்தனர். அந்த வரலாற்றை எந்த முதலாளியும் லேபிளில் அச்சிட மாட்டார்.

பெங்களூர் நீலத் திராட்சை விளையும் கோலார் மாவட்டத்திற்கும் இப்பாடம் புதிதல்ல. தங்கவயலில் தமிழ் தலித் தொழிலாளர்கள் தோண்டிய தங்கம் லண்டனுக்குப் போனது. சிலிகோசிஸ் அவர்களது நுரையீரலில் தங்கியது. 1930இல் கைரேகைப் பதிவு திணிக்கப்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தம் கையின் அடையாளம் யாருக்குப் பயன்படும் என்று அன்றே கேட்டவர்கள் அவர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் இன்று கூலி தேடிப் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். நாளை தங்கவயலிலோ பூதிகோட்டையிலோ ஒரு நிறுவனம் வந்து, சுரங்கத் தொழிலாளியின் முகத்தை லேபிளுக்கு வரைந்து தரக் கேட்டால், அன்றைய கேள்வியையே மீண்டும் கேட்க வேண்டும்.

2012 பதிப்புரிமைத் திருத்தம் திரைப்படப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைத்தொகையை உறுதி செய்தது. ஓவியருக்கு அந்தக் காப்பு இல்லை. அதை வென்றெடுக்க வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம், அச்சாகும் ஒவ்வொரு லேபிளுக்கும் உரிமைத்தொகை, சமூகக் கலைக்குச் சமூகத்தின் ஒப்புதல், திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்குச் சட்டப்படியான ஊதியம், சங்கம் அமைக்கும் உரிமை: இவையே பிரதிநிதித்துவத்தின் உண்மையான அளவுகோல்கள். இவற்றை மறுக்கும் நிறுவனம் ஒட்டுவது கலையை அல்ல, விளம்பரத்தை!