அட்டவணை வந்தது, இணைப்பு வரவில்லை



உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் கவனிக்க வேண்டிய விடயம் இது. ஒரக்கிள் தரவுத்தளத்தில் தவறுதலாக நீக்கிய அட்டவணையை ரீசைக்கிள் பின்னில் இருந்தால் மீட்கலாம். பதிவுகள் எல்லாம் திரும்பும். முதன்மைச் சாவியும் திரும்பும். ஆனால் கணினி வைத்த விளங்காத பெயரோடு. வேறு அட்டவணையோடு இணைத்த அந்நியச் சாவி திரும்பாது. அதை நாமே மறுபடி போட வேண்டும். மறந்தால், பள்ளியில் இல்லாத மாணவருக்கும் புள்ளி பதியலாம், கணினி தடுக்காது.

மலையகத்துக்கு இது புதுக்கதையா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை தந்தது. பெயர் பதிவுக்குள் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் காணியோடும் சொந்த முகவரியோடும் இணைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. லயத்தில் இருக்கும் எத்தனை குடும்பங்களின் கையில் காணி உறுதி இருக்கிறது?

"கிடைத்துவிட்டதே" என்று நாம் ஓய்ந்துவிடக் கூடாது. அறுந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டி முடித்தால்தான் மீட்பு முழுமையாகும். கணினியிலும் சரி, காணியிலும் சரி, அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.