யார் பணத்துக்கு யாருக்கு நன்றி?

பிலிப்பைன்ஸின் புலாக்கான் மாகாணத்தில் உள்ள பராசோவாயின் தேவாலயம் பெயர்பெற்றது. அந்நாட்டின் முதல் குடியரசுக்காக 1898இல் பேரவை கூடிய இடம். 2025 ஜூலை 22 அன்று அங்கே ஒரு திருமணம். உள்ளேயே வெள்ளம், வெள்ளை உடை தண்ணீரில் புரள மணப்பெண் பீடத்தை நோக்கி நடந்தார். உலகப் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டு, எந்தப் புயலுக்கும் கலங்காத மக்கள் என்று மெச்சின. இதே தேவாலயத்தில் 2023 ஜூலையிலும் ஒரு மணப்பெண் இப்படித்தான் வெள்ளத்தில் நடந்தார்.

அடுத்த மாதம், அதே மாகாணத்தின் பாலிவாக் நகருக்கு அதிபர் மார்கோஸ் ஜூனியர் போனார். ஆற்றோரம் 5.5 கோடி பெசோவுக்கு மேல் செலவிட்டு வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டி முடித்தாயிற்று என்றது கோப்பு. பணமும் பட்டுவாடா ஆகியிருந்தது. நேரில் பார்த்தால் ஒரு கல்லைக்கூடக் காணோம். 2022 ஜூலை முதல் வெள்ளத் தடுப்புக்குப் போன தொகை சுமார் 54,500 கோடி பெசோ. அதில் 10,000 கோடியை 15 ஒப்பந்தக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள் என்று அறிவித்தவரும் அதிபரே.

இப்படி ஒவ்வொரு முறை குட்டு வெளிப்படும்போதும் பழி பண்பாட்டின் தலையில் விழுகிறது. குடும்பப் பாசம் மிகுதி, நன்றிக்கடனை மறக்காத குணம், முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கும் கூச்சம்: இவைதாம் ஊழலுக்கு வேர் என்பார்கள். 1988இல் செனட்டர் லெட்டிசியா ராமோஸ் ஷஹானியின் முயற்சியில் வந்த அறிக்கை பிலிப்பினோக்களின் குணங்களையும் குறைகளையும் வரிசைப்படுத்தி, ஒழுக்க மீட்புத் திட்டம் ஒன்றையே பரிந்துரைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நோயாளியைத் திருத்தப் பார்த்ததே தவிர, நோயால் பிழைப்பவர்களைத் தொடவில்லை. பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்ற ஸ்பானியரின் ஏச்சுக்கு ஹோசே ரிசால் 1890இலேயே பதில் எழுதிவிட்டார்: சோம்பல் கெட்ட ஆட்சியின் விளைவு, காரணம் அல்ல.

மணிலாவில் ஜீப்னி என்ற சிற்றுந்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். நடத்துநர் கிடையாது. பின்னால் இருப்பவர் நீட்டும் கட்டணம் முன்பின் தெரியாதவர்களின் கைகள் வழியே ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறை அதே கைகள் வழியே திரும்பி வரும். இந்த மக்களுக்கா நேர்மைப் பாடம்?

நன்றிக்கடன் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாதவர், பில்லையும் மருத்துவச் சான்றையும், பரங்காய் எனும் ஊர் நிர்வாக அலுவலகத்தில் வாங்கிய ஏழ்மைச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அரசியல்வாதியின் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார். 'கியாரண்டி லெட்டர்' ஒன்று கிடைக்கிறது. அதைக் காட்டினால் பில் குறையும். பணம் அரசின் சுகாதாரத் துறையுடையது. கடிதத்தில் இருக்கும் பெயரோ அரசியல்வாதியுடையது. தாயை வீட்டுக்கு அழைத்து வந்த மகன் அந்தப் பெயரை மறப்பானா? மறக்கவும் கூடாது என்றுதான் அவனை வளர்த்தார்கள். அந்த நல்ல வளர்ப்பின் மீதுதான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தையாகவும், கல்யாணத்துக்குச் சாட்சியாகவும், இழவு வீட்டுக்குப் பண உறையோடும் வந்து நிற்கும் மேயர் செய்வதும் இதுவே. மக்களின் வரிப்பணத்தை மக்களுக்கே கடனாகக் கொடுத்து வாக்காக வசூலிப்பது திருட்டைவிடக் கீழானது. திருடன் நன்றியை எதிர்பார்ப்பதில்லை.

வெட்கமும் அப்படியே. வரிசையில் நிற்கும் ஏழைக்கு அது இருக்கிறது. வெள்ளத் தடுப்பு ஒப்பந்தங்களில் கொழித்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர், ரோல்ஸ் ராய்ஸ் காரோடு வரும் குடை தனக்குப் பிடித்துப்போனதால்தான் அந்தக் காரை வாங்கியதாகப் பேட்டியில் சொன்னார். கொஞ்சமாவது வெட்கப்படுங்கள் என்று நாடாளுமன்ற உரையில் அதிபர் கடிந்துகொண்டபோது அரங்கம் கைதட்டியது. அவருடைய தந்தையின் 65 கோடி டாலருக்கும் அதிகமான சுவிஸ் வங்கிப் பணம் முறைகேடாகச் சேர்த்தது என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்து அரசுடைமையாக்கியது. இது தெரிந்தும் 2022இல் மகனுக்கு வாக்களித்தவர்கள் 3.1 கோடிக்கும் மேல். கியாரண்டி லெட்டருக்காக ஒருவர் வாக்களித்தால் நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. மகனுக்குப் போட்ட வாக்குக்கோ நன்றிக்கடனும் சாக்கு அல்ல, பண்பாடும் சாக்கு அல்ல. இந்தத் தவறு வாக்காளருடையது.

ஆனால் பெரிய குற்றவாளி வேறு. குடும்ப அரசியலை 1987 அரசியல் சட்டம் தடுக்கிறது. ஆனால் எது குடும்ப அரசியல் என்பதைத் தனிச் சட்டம் வரையறுக்கட்டும் என்று விட்டுவைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நாட்டு அளவில் அந்தச் சட்டம் வரவில்லை. காரணம் கூச்சமோ பாசமோ அல்ல, வரையறுக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். 2016இல் ஓர் இடத்துக்கு மட்டும் வரையறுத்தார்கள்: ஊர் இளைஞர் மன்றம். தன் ஊரில் பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, உடன்பிறந்தவரோ தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருந்தால், 18 முதல் 24 வயதுள்ள பிள்ளை அதில் போட்டியிட முடியாது. செனட்டுக்கு அந்த விதி கிடையாது. 2025 தேர்தலுக்குப் பின் அதன் 24 இடங்களில், தகப்பன் ஒருவர், தாய் வேறான ஒரு ஜோடியையும் சேர்த்து, உடன்பிறப்புகள் மட்டும் நான்கு ஜோடி.