துறைமுகத்திற்கு நடுவன் யார்?

அரசு நடத்தினால் ஆமை நடை. தனியார் நடத்தினால் பகற்கொள்ளை. இவ்விரண்டு வாய்பாடுகளையும் ஒப்பிக்காத பட்டிமன்றம் உண்டா? மும்பையிலே பயிலும் நாம், கடற்கழிக்கு அப்பால் நிற்கும் நவசேவாவைப் பார்த்தேனும் உண்மை காணவேண்டாமா, நண்பர்களே?

1989இல் அத்துறைமுகத்தைத் திறந்தது அரசு. 1997இல் அங்கே ஒரு கன்டெய்னர் முனையத்தைக் கட்டி முப்பது ஆண்டுகள் நடத்தும் உரிமை தனியார் குழுவொன்றுக்குத் தரப்பட்டது. 2006இலும் 2018இலும் புதிய முனையங்கள் எழுந்தன. 2022இல் அரசு தன் கையில் வைத்திருந்த முனையத்தையும் குத்தகைக்கு விட்டது. இன்று அரசு அங்கே நிலக்கிழார். பளுதூக்கிகளை ஓட்டுவோர் பிறர்.

யார் அந்தப் பிறர்? முதல் முனையம் இப்போது டிபி வேர்ல்டின் கையில். அது துபாய் அரசின் நிறுவனம். 2018இன் முனையம் பிஎஸ்ஏவின் கையில். அது சிங்கப்பூர் அரசின் தெமாசெக்குக்கு உரியது. அரசுக்கு நடத்தத் தெரியாது என்று கூறி, அயல்நாட்டு அரசுகளை அழைத்து வந்திருக்கிறோம்! திறமைக்கு அரசென்றும் தனியாரென்றும் சாதி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, நடத்துபவன் யார் என்பதைவிட நடுவன் யார் என்பதே கேள்வி. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கும் மாதுங்காவிற்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதை அறிவர். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியிலே தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் தனியார் கம்பெனிதான். எதிரிக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. நடுநிலை காக்கவேண்டிய ஆட்சியோ எதிரணியில் நின்றது. 1908இல் அவர் சிறைப்பட்டார், கம்பெனி நொடித்தது.

அரசு என்றாலே அருள் என்றும் எண்ணவேண்டா. உரண் வட்டாரத்திலே, நிலத்திற்கு நியாயமான ஈடு கேட்டு 1984இல் போராடிய உழவருள் ஐவர் துப்பாக்கிச் சூட்டிலே மாண்டனர். சுட்டது அரசின் துப்பாக்கியே.

இப்போது பால்கர் மாவட்டத்திலே, 76,220 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வாதவன் துறைமுகம் வருகிறது. 2024இல் அடிக்கல் நாட்டினர். மீனவர் எதிர்க்கின்றனர். கட்டணம் வகுக்க 1997இல் ஏற்பட்ட ஆணையத்தையோ 2021ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிட்டது. புதிய குத்தகைக்காரர் சந்தை நிலைக்கேற்பத் தாமே கட்டணம் வகுக்கலாம். பலர் போட்டியிடும் இடத்தில் இதனால் கேடில்லை. ஒருவரே பல முனையங்களைப் பற்றிக்கொண்டால் தடுப்பவர் யார்?

என் கருத்து இதுதான்: நிலமும் கப்பல் வரும் ஆழ்வழியும் அரசிடமே இருக்கட்டும். பளுதூக்கியைத் திறமையுள்ள எவரும் ஓட்டட்டும். ஆனால் ஒருவர் கையில் ஒரு முனையத்திற்கு மேல் வேண்டா. ஒப்பந்தத்தை மராத்தியிலும் அச்சிட்டு மீனவர் கையில் தரவேண்டும். வலை இழப்பவர்க்கு ஈடு முதலில்; வார்ப்புக் கற்காரை பிறகு.

கடல் எவர் பாட்டன் சொத்தும் அன்று. அதை எழுதிக் கொடுக்கும் தாளையேனும் நாம் படித்துப் பார்க்கவேண்டாமா?