ஏசிக்கு முன்னாடி எர்த்

போன சித்திரையில அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காம வாசல்ல கயித்துக் கட்டில்ல உட்கார்ந்தே இருந்தாங்க. அதைக் கேள்விப்பட்டு, சென்னையில இருக்கிற தம்பி ஒன்றரை டன் ஏசி ஒண்ணு வாங்கி அனுப்பிட்டான். எங்க தெருவுல மட்டும் இப்ப நாலு வீட்டுல ஏசி. எல்லாம் பட்டணத்துப் பிள்ளைங்க வாங்கிக் குடுத்தது. நல்ல காரியந்தான், குறை சொல்லலை. ஆனா அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

மாட்ட வந்த பையன், "எர்த் இருக்குதுங்களாண்ணா?"ன்னு கேட்டான். "மூணு ஓட்டை ப்ளக்தானே, இருக்கும்"னு சொல்லிட்டேன். அவனும் மாட்டிட்டுப் போயிட்டான். அப்பா காலத்து வயரிங். மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்லைன்னு எனக்குத் தெரியாது.

வெளி யூனிட்டைக் கொல்லைப்புறச் சுவத்துல இரும்புச் சட்டம் அடிச்சு வச்சோம். அந்தச் சட்டத்துல இருந்து முருங்கை மரத்துக்குக் கட்டுக்கம்பி இழுத்து அம்மா துணி காயப்போட ஆரம்பிச்சாங்க. ஐப்பசியில ஒருநாள், மழை விட்ட புழுக்கத்துக்குப் பையன் உள்ள ஏசி போட்டுப் படுத்திருந்தான். அம்மா ஈரச் சேலையைக் கம்பியில போட்டதும் சுர்ருன்னு இழுத்திருக்கு. கையை உதறிட்டு மல்லாக்க விழுந்தாங்க. கால்ல ரப்பர் செருப்பு இருந்ததால பொழைச்சாங்கன்னு நினைக்கிறேன். ஓடிப்போய் மெயினை அணைச்சேன். யூனிட்டைப் பிரிச்சுப் பார்த்தா, எலி ஒயரைக் கடிச்சு, செம்பு தகட்டுல ஒட்டிக்கிட்டு இருந்தது.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கிணத்து மோட்டாருக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் வச்சிருக்கேன். கோடையில அந்தக் குழிக்கு மறக்காமத் தண்ணி ஊத்துறேன். மோட்டாருக்குப் பார்த்ததை அம்மாவுக்குப் பார்க்கலை.

யோசிச்சா ஏசியும் ஒரு மோட்டார் செட்டுதான். கிணத்துத் தண்ணியை மேல தூக்குற மாதிரி, அறைக்குள்ள இருக்கிற சூட்டைத் தூக்கி வெளிய போடுது. குளிர் நாடுகள்ல இதையே திருப்பி ஓட்டி, வெளிச் சூட்டை உள்ள கொண்டு வர்றாங்க. ஹீட் பம்ப்னு பேரு. எப்படி ஓடினாலும் அது மழையில நனையற இடத்துல நிக்கிற கரண்ட் மிஷின். அந்த பயம் இருக்கணும்.

அதனால ஏசிக்குப் பணம் அனுப்பும்போதே எர்த்துக்கும் சேர்த்து அனுப்புங்க. "எம்சிபி இருக்கே"ன்னு சொல்லுவாங்க. அது ஒயர் எரியாம காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஆளுக்கு வேணுங்கிறது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த்தும் அதுவும் ஒழுங்கா இருந்திருந்தா, கடிபட்ட ஒயர் தகட்டுல பட்டதுமே கரண்ட் போயிருக்கும். அம்மா துணி எடுத்துட்டு வர்ற வரைக்கும் காத்திருந்திருக்காது. போர்டுல இருந்து ஏசிக்குத் தனி லைன் இழுங்க. எங்க ஊர் மாதிரி சாயந்தரம் வோல்டேஜ் இறங்குற ஊர்னா ஸ்டெபிலைசரும் வேணும். இதெல்லாம் சேர்த்தும் எங்களுக்கு ஏசி விலையில கால் பங்கு ஆகலை.

மத்ததெல்லாம் வீட்டுல இருக்கிறவங்களே பார்த்துக்கலாம். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஏசியை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ஃபில்டரைக் கழட்டிப் பச்சைத் தண்ணியில கழுவி, நிழல்ல காய வைங்க. ஓடுற யூனிட் மேல தண்ணி அடிக்காதீங்க. வெளி யூனிட் பக்கத்துல வைக்கோல், விறகு அடுக்காதீங்க, எலி குடி வந்துரும். கதவைச் சாத்தி ஏசி போட்ட அறையில கொசுவத்தி கொளுத்தாதீங்க. ஸ்பிளிட் ஏசி உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்த விடும், புகை வெளிய போகாது. வருஷா வருஷம் "கேஸ் தீர்ந்துபோச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது தீர்ற பொருள் இல்லை. குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுது, அதை அடைக்காம நிரப்புறது ஓட்டைக் குடத்துல தண்ணி மொண்டு ஊத்துற கதை. இப்ப வர்ற பல ஏசிகள்ல இருக்கிற ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியதும்கூட. தெரிஞ்ச ஆளைத்தான் கை வைக்க விடணும்.

விஷயம் தெரிஞ்சதும் தம்பி அடுத்த பஸ்ல கிளம்பி வந்துட்டான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் எர்த் குழி வெட்டினோம். கட்டுக்கம்பியை அறுத்துட்டு, ரெண்டு மரத்துக்கு நடுவுல நைலான் கயிறு கட்டினோம். அம்மா இன்னும் வெளி யூனிட் பக்கமே போறதில்லை.

ஆர்சிசிபியில "டி"ன்னு போட்ட சின்ன பட்டன் ஒண்ணு இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தா முதல்ல அதை அழுத்திப் பாருங்க. பொட்டுன்னு கரண்ட் போச்சுன்னா அது வேலை செய்யுது. போகலைன்னா, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுட்டு அப்புறம் பொங்கல் சாப்பிட உட்காருங்க.