வைரச் செய்தியும் வயலில் கூடும் கூட்டமும்

கர்நூல் மாவட்டம் துக்கலி, ஜொன்னகிரி வட்டாரத்திலும், அனந்தப்பூர் மாவட்டம் வஜ்ரகரூரிலும் முதல் மழை பெய்ததும் வயல்களில் கூட்டம் கூடிவிடுகிறது. உழவுக்கு அல்ல, வைரம் பொறுக்க! வஜ்ரகரூர்ப் பகுதியில் வைரம் தாங்கிய கிம்பர்லைட் பாறைகள் உண்டு. மழை மண்ணை அரிக்கும்போது எப்போதாவது ஒரு கல் மேலே தெரிகிறது. உள்ளூர்வாசிகளுக்கு இது பழைய வழக்கந்தான்.

வெளியூர்க்காரர்களை அங்கே இழுப்பவை பத்திரிகைகளும் டெலிவிஷனுமே. 2021-ல் சின்ன ஜொன்னகிரி விவசாயி ஒருவருக்கு 30 காரட் வைரம் கிடைத்து, 1.2 கோடி ரூபாய்க்கு விலைபோனதாகச் செய்தி வெளியாயிற்று. கோடி ரூபாய் கொட்டை எழுத்தில் வரும். பத்து நாள் குனிந்து தேடி வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதை தலைப்பாவதில்லை.

ரேணிகுண்டாவில் ரயிலேறினால் குண்டக்கல் எட்டாத தூரமல்ல. சித்தூரிலும் திருப்பதியிலும் தினக்கூலிக்கு உழைப்பவருக்குச் சபலம் எழுவது இயல்பே. ஆனால் இழந்த கூலி, ரயில் கட்டணம், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை யார் தருவார்? விதைத்த வயலில் கால் வைத்தால் நிலக்காரர் விரட்டுவார். கல்லே கிடைத்தாலும், இரகசியப் பேரத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை.

மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் நிலைமை வேறு. அங்கே அரசு சிறு நிலத்துண்டுகளைக் குத்தகைக்கு விடுகிறது. கிடைத்த கல்லை வைர அலுவலகத்தில் ஒப்படைத்தால், ஏலம் விட்டு, ராயல்டி போக மீதியைக் கண்டெடுத்தவருக்கே தருகிறது. விலை ஊரறிய நிர்ணயமாகிறது.

அடுத்த மழைக்குக் காமிராவுடன் ஜொன்னகிரி செல்லும் நிருபர்கள், கல்லை விற்றவர் கைக்கு உண்மையில் வந்து சேர்ந்த தொகை எவ்வளவு என்பதையும் விசாரித்து எழுதலாம்.