கல்லில் இடம் பெறாதவர்கள்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

புதுவைக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் உயிர் நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1938-இல் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். ஜூலை 14 வந்தால் விளக்கு அலங்காரம் செய்கிறார்கள். அந்த வீரர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பார்தாம் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் மாணவர்களாகிய நாமே என்பது என் கருத்து.

போர் என்றதும் நமக்கு ஹிட்லரும் ஸ்டாலின்கிராடும் நினைவுக்கு வருகின்றன. நம் ஊரும் அந்தப் போர்களில் இருந்தது. 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கே வாழ்ந்தார். பிரிட்டனும் பிரான்சும் ஒரே அணியில் நின்றதால், புதுவையில் அடைக்கலம் புகுந்த தேசபக்தர்களுக்கு நெருக்கடி மிகுந்தது. அந்த நிலையிலும், ஜெர்மனியை எதிர்த்து நின்ற சின்னஞ்சிறு பெல்ஜியத்தை வாழ்த்திக் கவிதை பாடினார் அவர். போர் ஓய்ந்த அதே 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியவரைக் கடலூர் அருகே ஆங்கில அரசு கைது செய்தது.

இரண்டாம் உலகப் போரின் கதை இன்னும் விந்தையானது. 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் புதுவை ஆளுநர் லூயி பொன்வேன், தளபதி தெகோலின் சுதந்திர பிரான்சு அணியில் சேர்ந்தார். ஆனால் நம்மவர் பலர் பிழைக்கப் போயிருந்த சைகோனோ விஷி அரசின் பக்கம் நின்றது. ஜப்பானியப் படையும் அங்கே புகுந்தது. அண்ணன் சைகோனில், தம்பி புதுவையில் என்றிருந்த குடும்பத்தைப் போர் இரண்டு அணிகளாகப் பிரித்துவிட்டது! 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தபின் கடல்வழியும் அடைபட்டது. 1942-இல் பர்மா வீழ்ந்ததும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அந்த நாட்களில் அடுப்பு எரிந்ததா, பிள்ளைகள் பசியாறினார்களா என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

"அந்நியன் கொடிக்காகப் போரிட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?" என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏகாதிபத்தியத்துக்கு வணக்கம் செலுத்தும்படி நான் சொல்லவில்லை. சோற்றுக்காகவும் மதிப்புக்காகவும் படையில் சேர்ந்த 'சொல்தா'க்களும், அவர்கள் திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த பெண்களும் நம் மக்களே. ஆட்சியை வெறுக்கலாம், நம் பாட்டன் பாட்டியரின் பாட்டை மறக்கலாமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் பழைய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றும் கிடையாது. எழுதத் தெரிந்தவர் இருந்தால்தானே? இருப்பதெல்லாம் பெரியவர்கள் வாய்வழி சொன்னவை. எழுதி வைத்தவனுக்கே வரலாறு என்றால், எங்களைப் போன்ற வீடுகளுக்கு வரலாறே இல்லை என்று ஆகிவிடும். இது எனக்கு வலிக்கிறது. படிக்க வந்த நாங்கள் பட்டத்தோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது.

செய்யக்கூடியது எளிது. விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்போம். ஆய்வுக்கூடத்தில் அளவுகளைக் குறிப்பதுபோல் யார் சொன்னது, எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று குறிப்போம். நினைவு பிசகும் என்பதால் வரலாற்றுத்துறை ஆசிரியர்கள் துணையோடு பழைய ஆவணங்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த ஏடுகள் நம் கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும்.

அந்தப் போரைச் சிறுவராகக் கண்டவர்கள் இன்று 90 வயதை எட்டியும் தாண்டியும் நிற்கிறார்கள். கல் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நண்பர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்!