விழா முடிந்தது, வினா முடியவில்லை

மலையகத் தமிழரின் வரலாற்றில் 2023 ஒரு தனி ஆண்டு. தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் கூட்டம் இத்தீவின் கோப்பிக் காடுகளுக்கு வந்ததை 1823இலிருந்து கணக்கிட்டு, இருநூறாண்டு நிறைவை நம் மக்கள் அவ்வாண்டு நினைவுகூர்ந்தனர்.

ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து நடைபயணம் ஒன்று புறப்பட்டது. நம் முன்னோர் பசியோடும் காய்ச்சலோடும் நடந்து, பலர் வழியிலேயே மாண்டொழிந்த அத்திசையில், ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து, ஆகஸ்ட் 12ஆந் திகதி அது மாத்தளையை அடைந்தது. தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் நடந்தனர். அதற்கு ஒரு வாரம் முன்னர், ஜூலை 21இல், இம்மக்களுக்கென 75 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கப்படும் எனப் புதுடில்லியில் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 2இல் கொழும்பு சுகததாச உள்ளரங்கில் ‘நாம் 200’ விழா நடைபெற்றது. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதிற் கலந்துகொண்டார்.

நடந்த கால்களை நாம் வணங்குகிறோம். விழா எடுத்த கைகளையும் குறை கூறோம். ஆயினும் ஒரு வினா நம் நெஞ்சை உறுத்துகிறது. அவ்வாண்டு முழுவதும் யாரைப் பற்றிப் பேசினோம்? யாரை மறந்தோம்?

மேடைதோறும் கொழுந்துக் கூடையே முன்னின்றது. அது நியாயமே, இந்நாட்டின் செல்வத்தைத் தேயிலைத் தொழிலாளர் தம் முதுகிற் சுமந்தவர்கள். ஆனால் மலையகத் தமிழன் தோட்டத்தில் மட்டுமா வாழ்கிறான்? மாத்தளைக்குச் செல்லும் இரயில் பாதை கண்டி நகரை விட்டு நீங்குமுன் மஹய்யாவவைக் கடந்து செல்கிறது. 1865ஆம் ஆண்டின் சட்டத்தினாற் பிறந்த கண்டி மாநகர சபையின் தெருக்களைக் கூட்டவும் கழிவுகளை அகற்றவும் வெள்ளையராட்சி தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். எசல பெரஹரா முடிந்த இரவுக்குப் பின், விடியுமுன் தெருவிலிறங்கும் துடைப்பம் அவர்களுடையது. நகரைத் தூய்மை செய்த குடும்பத்தின் பிள்ளை வேலை தேடிச் சென்றால், முகவரியைக் கேட்டு முகஞ் சுளிப்போர் இன்னும் உளர். அவருள் தமிழரும் உளர் என்பது நமக்கு நாணந் தரும் உண்மை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். உரிமையைப் பறித்தபோது அச்சட்டம், தோட்டத் தொழிலாளி யார், நகரத் தொழிலாளி யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. தேயிலைச் செடியைத் தொட்டறியாதவனையும் அது நாடற்றவனாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரின் கதியைத் தாளில் எழுதியபோதும் இவ்வேறுபாடு இல்லை. ஆனால் உதவி வரும்போது வேறுபாடு வந்துவிடுகிறது. இந்தியாவின் துணையோடு அறிவிக்கப்பட்ட 14,000 வீடுகள் தோட்டங்களுக்கே உரியவை. இழப்பிற் பங்கு கொடுத்தோம். ஈட்டத்திற் பங்கு இல்லை என்பது எந்த நீதி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருநூறாண்டுக்கொரு முறை விழா எடுக்கும் மக்களை ஆட்சியாளர் எளிதில் மறந்துவிடுவர். ஆங்கிலேயரின் அயலிலேயே, அவர் மொழியின் நிழலில் நசுங்கிக் கிடந்த வேல்ஸ் மக்களைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வேல்ஸ் மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம். அவர்களும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ‘ஐஸ்டெத்வொட்’ என்னும் பெருவிழாவை எடுக்கின்றனர். கவிஞனுக்கு அங்கே முடியும் ஆசனமும் பரிசு. விழா ஓரிடத்தில் நிலைத்திராது. ஓராண்டு வடக்கே, மறு ஆண்டு தெற்கே எனப் பெயர்ந்து செல்லும். எந்த வட்டாரத்துக்குச் செல்கிறதோ அவ்வட்டாரத்து மக்களும் நிதி திரட்டுவர். நம் நடைபயணம் மாத்தளையை அடைந்த அதே ஆகஸ்ட் 12இல், வடக்கிலுள்ள பொடுவான் என்ற ஊரில் அவர்களின் 2023ஆம் ஆண்டு விழா நிறைவுற்றது. அடுத்த ஆண்டே அது தெற்கே, நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் வாயிலான பொன்ட்டிபிரித் நகருக்குச் சென்றது.

கலை விழாவோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. தம் மொழியில் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கை இலண்டன் அரசு மீறியபோது, 1980இல் குவின்வர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு பணிந்தது. 1982 நவம்பரில் அந்நிலையம் பிறந்தது. பண்பாடும் அரசியலும் அங்கே ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

நமக்கும் அவ்வழி மூடப்படவில்லை. கோ. நடேசய்யரின் எழுத்தும் மீனாட்சி அம்மையின் பாட்டும் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வளர்ந்தவையே. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை கவிஞராகவும் விளங்கினார்.

ஆகவே நாம் கேட்பது இது. ஆண்டுக்கொரு மலையக விழா வேண்டும். அது ஓராண்டு ஹட்டனில், ஓராண்டு பதுளையில், ஓராண்டு மாத்தளையில் நடக்கட்டும். ஓராண்டு மஹய்யாவவிலும் நடக்கட்டும். அவ்வூர் இளைஞன் எழுதிய நாடகத்தைக் காண நம் தலைவர்கள் அவ்வூருக்கு வரட்டும். வந்தவர்கள் அங்குள்ள வீடுகளின் நிலையையும் கண்டு செல்லட்டும். காணியுறுதியும் வீடும் கோரும் ஒவ்வொரு மனுவிலும் தோட்ட லயத்தோடு நகர லயமும் சேர்த்து எழுதப்படட்டும். அடுத்தடுத்த விழாவில், முந்திய விழாவிற் கொடுத்த வாக்குறுதி என்னாயிற்று என்று மக்கள் முன்னிலையிற் கணக்குக் கேட்கப்படட்டும்.

நாட்டை ஊட்டி வளர்த்தவனும் நம்மவன். நகரைத் துலக்கி வைத்தவனும் நம்மவன். ஒருவனை உயர்த்தி மற்றவனை மறைக்கும் சமுதாயம், தன் உரிமையைப் பிறரிடம் கேட்கும் தகுதியை இழந்துவிடும். அத்தகுதியை நாம் இழக்கலாகாது.